வீட்டுச் செயினில் மாட்டிக்கொண்டால்: இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குவோருக்கு

போன வருடம் மார்ச்சில், லண்டனின் தெற்கு ஓரத்தில் ஒரு மூன்று படுக்கையறை வீட்டுக்கு நாங்கள் கேட்ட விலையை ஏற்றுக்கொண்டார்கள். "பன்னிரண்டு வாரத்தில் சாவி உங்கள் கையில்" என்றார் எஸ்டேட் ஏஜென்ட். சாவி வந்தது நவம்பர் முதல் வாரம். அதற்குள் மார்ட்கேஜ் ஆஃபர், அதாவது வீட்டுக் கடன் தருவதாகக் கடன் நிறுவனம் கொடுத்த ஒப்புதல், காலாவதியாகி, கெஞ்சி ஒரு மாதம் நீட்டித்து, அதுவும் முடிய இரண்டு நாள் மிச்சமிருந்தது. அவசரப்பட்டு வாடகை வீட்டுக்குக் கொடுத்த நோட்டீஸைத் திரும்ப வாங்கியது தனிக் கதை.

சிக்கல் எங்களிடமும் இல்லை, எங்களுக்கு விற்றவரிடமும் இல்லை. அவர் வாங்கவிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவர் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிபோக இருந்தார். அந்த ஃப்ளாட்டின் சொந்தக்காரர் இறந்துபோனவர். அங்கே சிக்கிய ஒரு காகிதத்துக்காக மூன்று குடும்பங்கள் பெட்டி கட்டிக் காத்திருந்தோம். இதைத்தான் இங்கே செயின் என்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டை விற்ற பணத்தில்தான் அடுத்த வீட்டை வாங்குகிறார்கள் என்பதால், எல்லா விற்பனையும் ஒரே நாளில் நடந்தாக வேண்டும்.

ஊரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டதும் ஒரு பிடிமானம் வந்துவிடுகிறது. இங்கே ஆஃபர் ஏற்கப்பட்டாலும், எக்ஸ்சேஞ்ச் எனப்படும் ஒப்பந்தப் பரிமாற்றம் வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. விற்பவர் மனம் மாறலாம், அதிக விலை தருபவரிடம் போகலாம், நீங்களும் விலகலாம். தாமதம் ஆபத்தாவது அதனால்தான். கீழே சொல்வது இங்கிலாந்துக்கானது. வேல்ஸிலும் நடைமுறை இதேதான், வரி மட்டும் வேறு. ஸ்காட்லாந்தின் முறையே வேறு.

1. ஆஃபர் கொடுக்கும் முன்பே செயினைத் தாளில் வரையுங்கள்

வீட்டைப் பார்க்கப் போகும்போது சமையலறை அளவை அப்புறம் கேட்கலாம். முதலில் ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை: விற்பவர் வேறு வீடு வாங்குகிறாரா? அந்த வீடு முடிவாகிவிட்டதா? அதற்கு மேலே எத்தனை பேர்? உச்சியில் இருப்பவர் எங்கே போகிறார்?

"இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் கிடைத்துவிடும்" என்ற பதில் வந்தால் செயினே இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம். அந்தத் தேடல் இரண்டு வாரத்திலும் முடியலாம், ஆறு மாதமும் ஓடலாம். அந்த வீட்டை விடச் சொல்லவில்லை. அவர்களுக்கு வீடு அமையும் வரை கட்டடத்தைச் சோதிக்கும் சர்வேக்கும், கவுன்சில் முதலியவற்றிடம் எடுக்கும் தேடல் அறிக்கைகளான சர்ச்சுகளுக்கும் பணம் கட்டாதீர்கள் என்கிறேன்.

ஒவ்வொரு கண்ணியின் பக்கத்திலும் அது நிலத்தோடு சொந்தமாகும் ஃப்ரீஹோல்டா, குறிப்பிட்ட வருடக் குத்தகையான லீஸ்ஹோல்டா, இறந்தவர் சொத்தா, விவாகரத்தில் விற்கப்படுவதா என்று குறித்து வையுங்கள். இறந்தவர் சொத்து என்றால், அதை விற்க அதிகாரம் தரும் ப்ரொபேட் உத்தரவு கைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். வீட்டை விளம்பரம் செய்யவும் ஆஃபரை ஏற்கவும் அந்த உத்தரவு தேவையில்லை, ஆனால் விற்பனையை முடிக்க அது வேண்டும். "விண்ணப்பித்தாகிவிட்டது" என்பதும் "கிடைத்துவிட்டது" என்பதும் வேறு வேறு. எங்கள் செயினில் இந்த ஒரு சொல்லை நாங்கள் காதில் வாங்காமல் விட்டோம்.

நீங்கள் முதல் முறை வாங்குபவர், விற்க வீடு இல்லை என்றால், செயினின் அடியில் இருக்கிறீர்கள். எல்லோரும் விரும்பும் இடம் அது. உங்களை இழந்தால் மேலே உள்ள அத்தனை பேரும் ஆட்டம் காண்பார்கள். பின்னால் பேரம் பேச உதவும்.

2. பணத்தின் கதையை முதல் வாரத்திலேயே சொல்லி முடியுங்கள்

மற்றவர்களின் தாமதத்தை நாம் குறைக்க முடியாது, நம் தாமதத்தை முடியும். நம்மவர்களின் கோப்பு பெரும்பாலும் நிற்கும் இடம் ஒன்றுதான்: டெபாசிட் பணம் எங்கிருந்து வந்தது?

சொலிசிட்டர், அதாவது வாங்கும் வேலையைக் கவனிக்கும் நம் வழக்கறிஞர், பல மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார். அதில் ஒவ்வொரு பெரிய வரவுக்கும் காகிதம் வேண்டும். சீட்டுப் பணம் இருந்தால் உஷார். இருபது பேர் சேர்ந்து போட்ட சீட்டை எடுத்தேன் என்று வாயால் சொன்னால் எந்த சொலிசிட்டரும் ஏற்கமாட்டார். ரொக்கமாக வந்த பணம் என்றால் இன்னும் மோசம். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், குறைந்தது ஒரு வருடம் முன்பே எல்லாமே வங்கி வழியாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஊரிலிருந்து அனுப்புவதாக இருந்தால், அது திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு, வீட்டில் பங்கு கேட்கமாட்டோம் என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அவர்களுடைய பாஸ்போர்ட் நகல், ஸ்டேட்மென்ட், நிலம் விற்ற பணம் என்றால் பத்திர நகல் எல்லாம் கேட்பார்கள். தமிழில் உள்ள பத்திரத்துக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும். வெளிநாட்டு அன்பளிப்பையே ஏற்காத கடன் நிறுவனங்களும் உண்டு, அதனால் மார்ட்கேஜ் புரோக்கரிடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரைதான் வெளியே அனுப்பலாம். இப்படி அன்பளிப்பாக அனுப்பும்போது 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் முன்வரியாகப் பிடிப்பார்கள். அதை வருமான வரித் தாக்கலில் திரும்பக் கேட்கலாம்தான், ஆனால் நீங்கள் டெபாசிட் கட்ட வேண்டிய நாளில் அந்தப் பணம் கையில் இருக்காது.

அடுத்தது ஸ்டாம்ப் டியூட்டி. முதல் முறை வாங்குபவருக்கு 3,00,000 பவுண்டு வரை வரி இல்லை, அதற்கு மேல் 5,00,000 வரை உள்ள பகுதிக்கு 5 சதவீதம். விலை 5,00,000ஐத் தாண்டினால் சலுகையே கிடையாது. ஆனால் முதல் முறை என்றால் உலகில் எங்குமே சொந்த வீடு இருந்திருக்கக் கூடாது. வேளச்சேரியில் இருக்கும் ஃப்ளாட்டும் கணக்கில் சேரும். என் நண்பர் ஒருவர் 4,30,000 பவுண்டு வீட்டுக்கு 6,500 பவுண்டு வரி என்று கணக்குப் போட்டிருந்தார். ஊரில் அவர் பெயரில் ஃப்ளாட் இருந்ததால் சலுகை போனது மட்டுமல்ல, கூடுதல் வீட்டுக்கான 5 சதவீதமும் சேர்ந்து 33,000 ஆனது. கணவன் பெயரில் ஊரில் வீடு, இங்கே மனைவி பெயரில் மட்டும் வாங்குகிறோம் என்பதும் செல்லாது, ஏனென்றால் அந்தக் கூடுதல் வரிக்குத் தம்பதியை ஒன்றாகவே பார்க்கிறார்கள். பூர்வீக வீட்டில் பங்கு இருந்தாலும் அதை மறைக்காமல் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள், அதற்கென்று தனி விதிகள் உண்டு. எக்ஸ்சேஞ்சுக்கு முந்தின வாரம் இதைக் கண்டுபிடித்தால் செயினை நிறுத்திவைப்பவர் நீங்களாகிவிடுவீர்கள்.

3. காலாவதித் தேதிகளுக்கு ஒரு தாள் ஒதுக்குங்கள்

இந்தக் கட்டுரையில் சொல்வதில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். செயின் எப்போது நகரும் என்பது உங்கள் கையில் இல்லை. அது நகரும் நாளில் உங்கள் காகிதங்கள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்த தாளில் இருந்தவை இவை.

மார்ட்கேஜ் ஆஃபர்: பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் செல்லும். முடிய ஆறு வாரம் இருக்கும்போதே புரோக்கரைக் கூப்பிடுங்கள். சில நிறுவனங்கள் புதிய சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் நீட்டித்துத் தரும், சில புது விண்ணப்பமே கேட்கும். புது விண்ணப்பம் என்றால் அன்றைய வட்டி விகிதம்தான். இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. காத்திருக்கும் காலத்தில் வட்டி குறைந்தால், குறைந்த விகிதத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

சர்ச்சுகள்: கவுன்சில், தண்ணீர்-வடிகால், சுற்றுச்சூழல் என்று சொலிசிட்டர் எடுக்கும் தேடல் அறிக்கைகள். பொதுவாகக் கடன் நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு மேல் பழையதை ஏற்பதில்லை. எங்களுக்கு முதல் முறை 380 பவுண்டு ஆனது. பழசாகிவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கத்தான் வேண்டுமா, காப்பீடு ஒன்று போட்டுச் சமாளிக்கலாமா என்று கேளுங்கள்.

விசாவும் ஷேர் கோடும்: உங்கள் விசா நிலையை மற்றவர் இணையத்தில் சரிபார்க்க நீங்கள் தரும் இ-விசா ஷேர் கோடு 90 நாள்தான் செல்லும். தாமதத்தின் நடுவே விசா புதுப்பிக்கும் தேதி வந்தால், கடன் நிறுவனத்திடம் நீங்களாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

லைஃப்டைம் ஐசா: அரசாங்கத்தின் 25 சதவீத போனஸ் சேரும் சேமிப்பு இது. வீட்டின் விலை 4,50,000 பவுண்டைத் தாண்டக் கூடாது, கணக்கில் முதல் பணம் போட்டு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். அந்தப் பணம் சொலிசிட்டரிடம் வந்த 90 நாளுக்குள் வாங்கி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீட்டிப்பு கேட்க வேண்டும் அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். எனவே மிகவும் முன்னதாக எடுக்கவும் கூடாது, கடைசி நிமிடத்துக்கு விடவும் கூடாது, ஏனென்றால் பணம் வந்துசேரவே சில வாரம் ஆகலாம். எக்ஸ்சேஞ்ச் தேதி பேச்சில் அடிபட ஆரம்பித்ததும் எடுப்பது சரி.

வரித் தேதி: பொதுவாக ஸ்டாம்ப் டியூட்டியை நிர்ணயிப்பது ஆஃபர் ஏற்கப்பட்ட நாள் அல்ல, வாங்கி முடித்த நாள். 2025 மார்ச் 31 வரை முதல் வீட்டுக்கு 4,25,000 பவுண்டு வரை வரி இல்லாமல் இருந்தது. அதே 4,30,000 பவுண்டு வீட்டுக்கு அன்று முடித்தவர் கட்டியது 250. மறுநாள் முடித்தவர் கட்டியது 6,500. பட்ஜெட்டில் மாற்றம் அறிவித்தால் உடனே இந்தத் தாளில் சேருங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதற்குத் தேதி கிடையாது: காத்திருக்கும் மாதங்களில் வேலை மாறாதீர்கள், கார் லோன் போடாதீர்கள், சோபாவைத் தவணையில் வாங்காதீர்கள். கடைசி நாளில்கூட கடன் நிறுவனம் உங்கள் கிரெடிட்டைத் திரும்பப் பார்க்கலாம்.

4. பணத்தைப் படிப்படியாக இறக்குங்கள்

முதலில் மார்ட்கேஜ் விண்ணப்பம், செயின் முழுமையானதும் சர்வே, சர்வேயில் பெரிய கோளாறு இல்லை என்றதும் சர்ச்சுகள். எல்லாவற்றையும் முதல் நாளே கட்டினால், செயின் அறுந்தால் மொத்தமும் போகும். ஆனால் ஒரு சங்கடம்: நீங்கள் சர்வே போடாமல் இருந்தால் விற்பவர் உங்கள் அக்கறையைச் சந்தேகிப்பார். "மேலே எல்லோருக்கும் ஆஃபர் ஏற்கப்பட்டதும் மறுநாளே சர்வேக்கு நாள் குறிக்கிறோம்" என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டால் போதும்.

சொலிசிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, விற்பனை முறிந்தால் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். சிலர் வாங்கமாட்டார்கள். அப்போதும் சர்ச்சுக்குக் கட்டிய பணம் போனதுதான். செயின் முறிந்தால் இந்தச் செலவுகளை ஈடுசெய்யும் காப்பீடுகளும் விற்கிறார்கள். எதற்கெல்லாம் தரமாட்டோம் என்ற பகுதியை மட்டும் நிதானமாகப் படித்துவிட்டு வாங்குங்கள்.

5. கேட்டுக்கொண்டே இருங்கள், சரியான ஆளிடம்

இது எனக்கு நான்காவது மாதத்தில்தான் புரிந்தது. என் சொலிசிட்டர் பேசக்கூடியது எனக்கு விற்பவரின் சொலிசிட்டரிடம் மட்டும். இரண்டு படி மேலே என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. செயின் முழுக்கப் போன் போட்டு விசாரிக்கக்கூடியவர் எஸ்டேட் ஏஜென்ட்தான். அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர் என்றாலும், அந்தக் கமிஷன் எல்லாம் முடிந்தால்தான் வரும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் அவரும் நம் கட்சி.

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், ஏஜென்டிடம் போனில் கேளுங்கள்: "ஒவ்வொரு கண்ணியும் இன்று எதற்காகக் காத்திருக்கிறது? அந்தக் காகிதம் யார் மேசையில் இருக்கிறது? எப்போது கேட்டார்கள்?" "எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். சொலிசிட்டருக்கு மின்னஞ்சல் போதும். கேள்விகளை எண் போட்டு எழுதுங்கள். தினமும் கூப்பிட்டால் சில இடங்களில் அதற்கும் கட்டணம் போடுவார்கள், கோப்பும் நகராது.

எங்கள் சொலிசிட்டர் அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்தவர் இரண்டு வாரம் விடுமுறையில் போனார், மாற்று ஆள் இல்லை. விற்பவர் தரப்புக் கேள்வி ஒன்று அப்படியே கிடந்தது. அதனால் ஆரம்பத்திலேயே கேளுங்கள்: நீங்கள் லீவில் போனால் யார் பார்ப்பார்கள்? ஆகஸ்டும் கிறிஸ்துமஸும் இந்த நாட்டில் காகிதங்கள் தூங்கும் காலம்.

6. எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் என்ன செய்யலாம்

லீஸ்ஹோல்டு ஃப்ளாட் என்றால் கட்டடத்தை நிர்வகிக்கும் நிறுவனம் தர வேண்டிய தகவல் தொகுப்பில்தான் பெரும்பாலும் நிற்கும். சில நூறு பவுண்டு கட்டணம், பல வாரக் காத்திருப்பு. அதை விற்பவர்தான் கேட்டுப் பணம் கட்ட வேண்டும். வீட்டை விளம்பரம் செய்த அன்றே கேட்டிருக்கலாம், பெரும்பாலோர் கேட்பதில்லை. கேட்டாயிற்றா என்று முதல் வாரத்திலேயே ஏஜென்ட் வழியாகத் தட்டிப் பாருங்கள்.

பின்னால் கட்டிய சமையலறைக்குக் கட்டட அனுமதிச் சான்று இல்லை, ஜன்னல் மாற்றியதற்குச் சான்று இல்லை என்பது மாதிரி விஷயங்களுக்கு விற்பவர் செலவில் இண்டெம்னிட்டி காப்பீடு, அதாவது அந்தச் சான்று இல்லாததால் பின்னால் வரக்கூடிய சட்டச் சிக்கலுக்கான காப்பீடு, போடுவது வழக்கம். சீக்கிரம் முடியும். ஆனால் அது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்துக்குத்தானே தவிர, கூரை ஒழுகினால் உதவாது. கட்டுமானம் சரியா என்பதை சர்வேயரிடம் கேளுங்கள். காப்பீடு போடும் முன் நீங்களே கவுன்சிலுக்குப் போன் போட்டு விசாரித்துவிடாதீர்கள், கேட்டுவிட்டால் அந்தக் காப்பீடே கிடைக்காமல் போகலாம்.

ப்ரொபேட் என்றால் யாராலும் விரட்ட முடியாது. அப்போது வேறு கதவு பார்க்க வேண்டும். உங்களுக்கு விற்பவர் செயினிலிருந்து வெளியே வந்து கொஞ்ச நாள் வாடகைக்கோ உறவினர் வீட்டுக்கோ போவாரா? "நீங்கள் இரண்டு மாதம் வாடகைக்குப் போனால் சாமான் வைக்கும் கிடங்குச் செலவை நாங்கள் தருகிறோம்" என்று நாங்கள் கேட்டோம். குழந்தைகளை வைத்துக்கொண்டு இரண்டு முறை குடிமாற முடியாது என்று மறுத்துவிட்டார்கள். நியாயம்தான். கேட்டதில் நஷ்டமில்லை.

கடைசி ஆயுதம், தேதி சொல்வது: "இந்தத் தேதிக்குள் எக்ஸ்சேஞ்ச் இல்லையென்றால் வேறு வீடு பார்க்க ஆரம்பிப்போம்." உண்மையிலேயே போகத் தயாராக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் அடுத்த தடவை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

7. வாடகை, பள்ளிக்கூடம், நல்ல நாள்

எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரை வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ இரட்டைச் செலவு ஆகும், ஆகட்டும். அதை முதலிலேயே வீட்டுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். நான் ஏஜென்டின் "அடுத்த வாரம் நிச்சயம்" என்ற பேச்சை நம்பி ஜூலையில் நோட்டீஸ் கொடுத்தேன். வீட்டுக்காரர் நல்லவர் என்பதால் தப்பினோம், வாடகை மட்டும் 75 பவுண்டு ஏறியது.

பிள்ளையின் பள்ளிக்காகப் பகுதி மாறுகிறீர்கள் என்றால், இங்கிலாந்தில் இடைநிலைப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31, ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15. புது முகவரியை ஏற்க எக்ஸ்சேஞ்ச் ஆன ஆதாரம் கேட்கும் கவுன்சில்கள் உண்டு. உங்கள் கவுன்சிலின் விதியை இப்போதே படியுங்கள்.

நல்ல நாள் விஷயம். ஆடியில் வேண்டாம், மார்கழியில் வேண்டாம் என்று கம்ப்ளீஷன் தேதியை, அதாவது மீதிப் பணம் கட்டிச் சாவி வாங்கும் நாளை, தள்ளச் சொன்னால், மேலே உள்ள மூன்று குடும்பங்களுக்கும் அது புரியாது, அவர்களில் யாருக்காவது மார்ட்கேஜ் ஆஃபர் காலாவதியும் ஆகலாம். சாவியை எந்த நாளிலும் வாங்குங்கள். பால் காய்ச்சும் நாளை அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இந்த சமாதானம் செல்லுபடியானது.

8. எக்ஸ்சேஞ்ச் நாள்

இதற்கு அப்புறம் பின்வாங்க முடியாது. வழக்கமாக விலையில் 10 சதவீதம் டெபாசிட். உங்கள் மார்ட்கேஜ் 95 சதவீதம் என்றால் 5 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்வார்களா என்று முன்பே பேசச் சொல்லுங்கள், அந்தப் பேச்சே ஒரு வாரம் இழுக்கும். கட்டடக் காப்பீடு பொதுவாக இன்றிலிருந்தே உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

பணம் அனுப்பும்போது ஜாக்கிரதை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொலிசிட்டர் பெயரில் மின்னஞ்சல் வந்தால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் தந்த கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். முதலில் ஒரு பவுண்டு அனுப்பி, வந்துசேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். உங்கள் வங்கி ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்ப விடும் என்பதையும் முந்தின வாரமே பாருங்கள்.

எக்ஸ்சேஞ்சுக்கும் கம்ப்ளீஷனுக்கும் நடுவே ஒன்று இரண்டு வாரம் இருப்பது வழக்கம். நீண்ட செயினில் சிலர் இரண்டையும் ஒரே நாளில் வைக்கப் பார்ப்பார்கள். லாரிக்கு முன்பணம் கட்டி, லீவு போட்டு, அன்று காலை ஒருவர் விலகினால் எல்லாம் வீண். முடிந்தவரை மறுத்துவிடுங்கள்.

9. கம்ப்ளீஷன் நாள்

பணம் செயினின் அடியிலிருந்து மேலே போகும். உங்கள் பணம் போனால்தான் அடுத்தவர் பணம் கட்டுவார். வழக்கமான ஒப்பந்தத்தில் மதியம் 2 மணி என்று ஒரு கணக்கு இருக்கும். அதற்கு மேல் பணம் வந்தால் அடுத்த வேலை நாளில் வந்ததாகவே கொள்வார்கள். வெள்ளிக்கிழமை தாமதமானால் திங்கள் வரை வட்டி. எல்லோரும் வெள்ளிக்கிழமைதான் கேட்பார்கள். நீங்கள் செவ்வாயோ புதனோ கேட்டுப் பாருங்கள், லாரி வாடகையும் குறையும்.

அன்று முடிக்க முடியாமல் போனால், 10 வேலை நாளுக்குள் முடிக்கச் சொல்லி முறைப்படி நோட்டீஸ் வரும். அதையும் தவறவிட்டால் டெபாசிட் போகும். எனவே உங்கள் பங்குப் பணம் முந்தின நாளே சொலிசிட்டர் கணக்கில் இருக்கட்டும். ஸ்டாம்ப் டியூட்டியை 14 நாளுக்குள் கட்ட வேண்டும், பெரும்பாலும் சொலிசிட்டரே கட்டிவிடுவார். கட்டிய சான்றை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள்.

எங்களுக்கு அமைந்தது வெள்ளிக்கிழமைதான். பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம், சாவியை அதற்குள் தந்துவிடுவார்களோ என்று மாமியார் ஊரிலிருந்து வாட்ஸப்பில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். மூன்று வீட்டுப் பணமும் ஏறி முடிந்து ஏஜென்ட் கூப்பிட்டபோது மணி மூன்றே முக்கால். உள்ளே போனதும் முதல் வேலையாக மின்சாரம், கேஸ், தண்ணீர் மீட்டர்களைப் போட்டோ எடுத்தேன். நீங்களும் எடுங்கள். பழைய வீட்டுக்காரரின் பில் ஒன்று மறு மாதமே எங்கள் பெயருக்கு வந்தது.